வெயில் பட்ட இடம்

சொல்றேங்க்கா, சொல்லாம எங்க ஓடிடப் போறேன். அந்தக் க்ரீமோட பேர்தானே வேணும் உங்களுக்கு? ஆனா வாசப்படியில நின்னுக்கிட்டு, செருப்பைக்கூடக் கழட்டாம கேட்டா சொல்ல மாட்டேன். உள்ள வந்து உக்காருங்க. அந்த ஓரத்து நாற்காலி வேண்டாம், அது தலை கழுவுறது, சாஞ்சீங்கன்னா அப்படியே பின்னால போயிடும். இதுல உக்காருங்க. எதிர்ல கண்ணாடி இருக்கேன்னு கூச்சப்படாதீங்க. இந்தக் கடையில எந்தப் பக்கம் திரும்பினாலும் நம்ம மூஞ்சியிலதான் போய் முட்டணும்.

துடைக்கக் காகிதமா? அந்த இழுப்பறையத் திறக்காதீங்க, நானே எடுத்துத் தரேன். இந்தாங்க. படி ஏறினதுல வேர்த்துப் போச்சு உங்களுக்கு.

கீழ கிர்ருனு கேக்குதே, அது சாவி வெட்டுற கடை. மொதல்ல பல்லு கூசும், அப்புறம் பழகிடும். இப்பல்லாம் சாப்பிட்டியான்னு மேல வந்து கேக்கற ஒரே ஆள் அவருதான். போன வாரம் வந்து சொல்றாரு, இனி உன் கடைக்குப் பூட்டுத்தான் வேணும்போல, நல்லதா ஒண்ணு பாத்து வெக்கட்டுமான்னு. பூட்டு வேண்டாம், கீல் சத்தம் போடுது, அதுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்கன்னேன். அதான் நீங்க வந்தப்ப கதவு கத்தல.

ஆமாக்கா, கடை காலியாத்தான் கெடக்கு. நாலு நாற்காலியும் என்னையே பாத்துக்கிட்டு இருக்கு. கல்யாணப் பொண்ணு மூஞ்சியைப் பொசுக்கிட்டான்னு ஊர் பூரா ஆயிடுச்சுல்ல. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? உங்க கொழுந்தனார் இங்க வந்ததை உங்ககிட்ட சொன்னாரா? வந்தாரு. கடைப் பேர்ப் பலகையைக் கழட்டுன்னு சத்தம் போட்டாரு. ஏணி மாடிப்படி அடியில இருக்கு, நான் புடிச்சுக்கறேன், நீங்களே ஏறிக் கழட்டுங்கன்னேன். ஏணியைப் பாத்தாரு, பலகையைப் பாத்தாரு, இன்னொரு நாள் வரேன்னு போயிட்டாரு. இன்னும் வரல. வந்தாலும் கழட்ட மாட்டேன். அந்தப் பலகையில நான் பொய்யா ஒரு எழுத்துகூட எழுதல.

புரியுதுக்கா, நீங்க சண்டைக்கு வரல. சண்டைக்கு வர்றவங்க தனியா வர மாட்டாங்க. அவ முகம் நல்லா ஆயிடுச்சு, மறுபடி தேதி பாக்கறீங்க, வேற ஆளை மேக்கப்புக்குச் சொல்லியிருக்கீங்க. அந்தப் பொண்ணுகிட்ட இன்ன க்ரீமைத் தொடாதேன்னு சொல்லணும், அதுக்குப் பேர் வேணும். தாயாரா நீங்க செய்ய வேண்டியதுதான். தப்புச் சொல்லல. நான் சொல்ற வரிசையில கேட்டுக்கிட்டு வாங்க, கடைசியில பேரைச் சொல்லிடறேன். பேரை மட்டும் எடுத்துக்கிட்டுப் போனா உங்களுக்குப் பிரயோஜனம் இல்ல.

மொதல்ல நல்லா ஒரு மூச்சு இழுங்க. இழுங்க சொல்றேன். ஏதாச்சும் வாசனை வருதா? வராது. பார்லர்னா படி ஏறும்போதே மணக்கணும், இங்க என்ன ஒண்ணுமே இல்லையேன்னு வர்றவங்கல்லாம் மூக்கைச் சுளிப்பாங்க. ரத்தப் பரிசோதனை பண்ற எடம் மாதிரி இருக்குன்னு ஒருத்தி சொன்னா. இருந்துட்டுப் போகட்டும். வாசனை போட்ட ஒரு டப்பா இந்தக் கடைக்குள்ள வராது. ஏன்னா எனக்கே ஆகாது.

இந்தக் கையைப் பாருங்க. தொட்டுப் பாருங்க, தொத்தாது. தச்ச துணி மாதிரி விரலுக்கு விரல் கோடு. வெளிநாட்டுல ஒரு பெரிய கடையில பல வருஷம் நின்னவ நான். வாசல்ல நின்னு வர்றவங்க மணிக்கட்டுல சென்ட்டு பீச்சி விடணும், அதான் வேலை. சிரிச்சுக்கிட்டே பீச்சணும். நாள் முழுக்க என் கையில வழிஞ்சுக்கிட்டே இருக்கும். மொதல்ல அரிப்பு, அப்புறம் வெடிப்பு, அப்புறம் கழுத்து, கண் இமை. மேல இருந்தவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? கையுறை போட்டுக்கோ, வாடிக்கையாளர் வந்தா கையைப் பின்னால கட்டிக்கோன்னாங்க. கையைப் பின்னால கட்டிக்கிட்டு எப்படிப் பீச்சறது, வாயாலயான்னு கேட்டேன். அதோட அந்த வேலை போச்சு. அங்க ஒரு தோல் டாக்டர் என் முதுகு பூரா சின்னச் சின்னதா மருந்து ஒட்டி, எது எது ஆகாதுன்னு பாத்துச் சொன்னாரு. வாசனைச் சரக்குல பாதி எனக்கு எதிரி. சிலதுல வாசனை இல்லாததுன்னு பெருசா போட்டிருப்பான், உள்ள வாசனையை மறைக்க இன்னொரு வாசனையைப் போட்டிருப்பான். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற வேலை. அதையெல்லாம் கத்துக்கிட்டுத்தான் திரும்பி வந்து இந்தக் கடையை வெச்சேன். அப்படிப்பட்ட நான், ஒரு பொண்ணு மூஞ்சியில கண்டதையும் பூசுவேனா?

காதுக்குப் பின்னாடி பொட்டு வெச்சேனே, ஞாபகம் இருக்கா? நீங்கதான் பக்கத்துல நின்னு சிரிச்சீங்க, இது என்ன கல்யாணமா ஆஸ்பத்திரியான்னு. யாரா இருந்தாலும் நான் பூசப்போற ஒவ்வொண்ணுலயும் ஒரு பொட்டு, ரெண்டு காதுக்கும் பின்னாடி, ரெண்டு நாள் தண்ணி படக்கூடாது. செவந்தா அந்தச் சரக்கு வேண்டாம். உங்க பொண்ணுக்கு ஒண்ணுமே செவக்கல. காமிக்க அவ தனியா வந்தா, வேலையில இருந்து நேரா. நெலம் அளக்கற அந்த மூணு கால் ஸ்டாண்டைத் தோள்ல போட்டுக்கிட்டுப் படி ஏறி வர்றா, கால் ரெண்டும் புழுதி. என்னம்மா, என் கடையை அளக்க வந்தியான்னேன். அளந்தா ஒரு ஓரம் கோணலாத்தான் இருக்கும் ஆன்ட்டின்னா. ஆன்ட்டின்னு கூப்பிட்டா கட்டணம் ஏறும்னேன். அன்னையில இருந்து அவளை அளவுக்காரின்னுதான் கூப்பிடறது.

இருங்க, அந்த நாளுக்கு அப்புறம் வரேன். அதுக்கு முன்னாடி கல்யாணத்து மொத நாள் சாயங்காலம். நான்தான் அலங்காரம் பண்ணினேன். நீங்க கூடவே இருந்தீங்க. எங்கெங்க பூசினேன்? நெத்தி, கன்னம், தாடைக்கு அடியில, கழுத்து முன்பக்கம், பிடரி, காது ரெண்டும். கழுத்துலதான் ரொம்பப் பூசினேன், முகத்து நிறமும் கழுத்து நிறமும் ஒத்துப் போகணும்னு நீங்க பத்துத் தடவை சொன்னீங்க. அப்பவே கன்னம் லேசா சூடா இருந்துச்சு. காய்ச்சலா அளவுக்காரின்னு கேட்டேன். வெக்கம் ஆன்ட்டின்னா. அவளுக்கும் வெக்கத்துக்கும் என்ன சம்பந்தம், ஆம்பளைங்க பத்துப் பேரை வெயில்ல நிக்க வெச்சு கொடி புடிக்கச் சொல்றவ. ஆனா நான் விட்டுட்டேன்.

மறுநாள் காலைல பொட்டியோட வந்தேன். சுவரைப் பாத்து உக்காந்திருந்தா. திருப்பினா, கண்ணு ரெண்டும் கீத்து. கன்னம் வீங்கி, நெத்தியெல்லாம் தடிச்சு, சொறிஞ்ச எடத்துல நீர் கட்டியிருக்கு. மாப்பிள்ளையோட அக்கா வாசல்ல நின்னு எட்டிப் பாத்துட்டு, இது தொத்துமான்னு கேட்டாங்க. வலிக்குதான்னு இல்ல, தொத்துமான்னு. உங்க கொழுந்தனார் என் பொட்டியை எத்தினாரு. பவுடர் டப்பா உருண்டு போய் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க செருப்புகிட்ட நின்னுச்சு. எல்லாரும் அழுதீங்க. நீங்க தரையில உக்காந்து அழுதீங்க. ஒருத்தி மட்டும் அழல. அதை நீங்க பாத்தீங்களோ என்னவோ.

நான் மண்டி போட்டு அவ தாடையைப் புடிச்சுத் தூக்கினேன். தாடைக்கு அடியில ஒண்ணும் இல்லக்கா. சுத்தம். காதை மடக்கிப் பாத்தேன், பின்னாடி சுத்தம். மூக்குக்குக் கீழ அந்தக் குழி, சுத்தம். வீங்கின இமையை மெதுவா விரிச்சா, மடிப்புக்குள்ள வெள்ளையா ஒரு கோடு. கழுத்து, நான் அப்பி அப்பி வெச்ச கழுத்து, கழுவி வெச்ச தட்டு மாதிரி இருக்கு. என் கை பட்ட எடத்துல பாதி நல்லா இருக்கு. செவந்தது எல்லாம் வெயில் பட்ட எடம். மேல நோக்கி இருந்த எடம். நிழல் விழுந்த எடத்துல ஒரு பொட்டு இல்ல.

பொய்யாக்கா சொல்றேன்? உங்க மச்சான் பொண்ணு போன்ல படம் எடுத்தாளே, அழிச்சிருக்க மாட்டா. பெருசு பண்ணிப் பாருங்க.

நல்ல கேள்வி. அப்ப ஏன் அங்கயே சொல்லல? அத்தனை பேர் முன்னாடி, ஆமா, என் க்ரீம்தான்னு ஏன் ஒத்துக்கிட்டேன்? நீங்க கூட ஒரு நிமிஷம் அசந்து போய்ப் பாத்தீங்க. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு தெரிஞ்சே தலையைக் குடுத்தேன். பைத்தியக்காரி இல்ல நான். இருங்க, வரேன்.

டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனீங்கல்ல, அவரு என்ன சொன்னாரு? ஒவ்வாமை. சரிதான். எதனாலன்னு கேட்டப்ப யாரு பதில் சொன்னது? அவ வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி பார்லர் க்ரீம்னு நீங்களே சொல்லிட்டீங்க. அவரு என்ன பண்ணுவாரு, நல்ல மருந்துதான் குடுத்தாரு, ஆறிடுச்சு.

இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி காலைல, உங்க பொண்ணு எங்க இருந்தா?

மொட்டைமாடி. ஆமா. தலை காய வெச்சுக்கிட்டு இருந்தா. வந்தவங்க போனவங்க எல்லார்கிட்டயும் நீங்க சந்தோஷமா சொன்னீங்களே, எப்பப் பாரு காடு மேடுன்னு அலையறவ இன்னைக்கு எவ்வளவு அடக்கமா உக்காந்து தலை காய வெக்கிறா பாரு, கல்யாணக் களை வந்துடுச்சுன்னு. டீ கொண்டு போய்க் குடுத்தீங்க. முகத்துல என்ன பூசியிருந்தா? வெள்ளையா பளபளன்னு இருந்துச்சுல்ல. நீங்க அதுக்கும் சந்தோஷப்பட்டீங்க. அம்மா வாங்கிக் குடுத்ததை இப்பவாவது பூசறாளேன்னு.

ஆமாக்கா. வெயில்ல கறுக்காம இருக்கப் பூசறது. நீங்க வாங்கிக் குடுத்த ட்யூப்.

எழுந்துக்காதீங்க. உங்களைக் குத்தம் சொல்லல. வாங்கறப்ப நல்லதுன்னு நெனைச்சுத்தான் வாங்கினீங்க. நூறு பேர் பூசலாம், ஒண்ணும் ஆகாது. அந்தச் சரக்கு கெட்டதுன்னு நான் எங்கயும் சொல்ல மாட்டேன், நெறைய பேருக்கு அது வேணும். வெயிலைத் தடுக்கறதுக்குன்னே அதுல ஒண்ணு போட்டிருக்கான் பாருங்க, சில தோலுக்கு அதுவே ஆகாது. அதுவும் எப்படி, பூசிக்கிட்டு வீட்டுக்குள்ள இருந்தா சமத்தா இருக்கும், அது மேல வெயில் பட்டாத்தான் வேலையைக் காட்டும். இது நான் கண்டுபிடிச்சதில்ல. புருவம் திருத்த ஒரு தோல் டாக்டரம்மா வருவாங்க, அவங்க எனக்குச் சொல்லிக் குடுத்தது.

அவளுக்கும் தெரியாமத்தான் பூசினாளான்னு கேக்கறீங்க. இப்ப அந்த நாளுக்கு வரேன்.

காது காமிக்க வந்தான்னு சொன்னேன்ல. காதைப் பாத்துட்டு, சுத்தம், போயிட்டு வான்னேன். போகல. சட்டைக் கையை மடிச்சு, முழங்கையில இருந்து விரல் வரைக்கும் காமிச்சா. செக்கச்செவேல்னு தடிச்சிருக்கு. கைக்கடிகாரம் கட்டின எடத்துல மட்டும் பட்டை போட்ட மாதிரி வெள்ளை. அம்மா குடுத்த க்ரீமை ஒருநாள் கையில தடவிக்கிட்டு வேலைக்குப் போனேன் ஆன்ட்டி, இப்படி ஆயிடுச்சுன்னா. அந்த வெள்ளைப் பட்டையைப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. அப்பவே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன், அதேதான்னாங்க. இது வெயிலோட சேர்ந்தா உனக்கு ஆகாது, தப்பித்தவறி முகத்துல வெச்சுடாதேன்னேன்.

வெச்சா என்ன ஆகும்னு கேட்டா. பலூன் மாதிரி வீங்கும், கண்ணு திறக்காதுன்னேன். உடனேயான்னு கேட்டா. உடனே தெரியாது, இன்னைக்குப் பூசி வெயில்ல நின்னா நாளைக்கோ நாளன்னைக்கோதான் ஏறும்னேன். தழும்பு நிக்குமான்னா. சொறியாம இருந்தா நிக்காதுன்னேன். தலையை ஆட்டிக்கிட்டா. நெலத்தை அளந்து முடிச்சுட்டு, சரி இவ்வளவுதான்னு தலையை ஆட்டுவாங்க பாருங்க, அந்த மாதிரி. ஜாக்கிரதையா இருக்கத்தான் கேக்கறான்னு நெனைச்சேன். நல்ல புத்திசாலிப் பொண்ணுன்னு மனசுக்குள்ள மெச்சிக்கிட்டேன்கூட.

தண்ணி குடிங்க.

கல்யாணத்தன்னைக்குக் காலைல தாடையைத் தூக்கிப் பாத்தேனே, அப்ப அந்தக் கீத்துக்குள்ள இருந்து என்னைப் பாத்தா. அவளுக்குத் தெரிஞ்சிடுச்சு எனக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு. ஒரு வார்த்தை நான் வாயைத் திறந்தா, என் பொட்டி பொழைச்சிருக்கும், கடை பொழைச்சிருக்கும். அவ என்ன ஆகியிருப்பா? அந்தக் கூட்டத்துக்கு நடுவுல, அந்த மூஞ்சியோட? உங்க கொழுந்தனார் பொட்டியை எத்தின காலு அப்புறம் எங்க போயிருக்கும்? அதான், என் க்ரீம்தான்னேன். இன்னைக்கும் அதுக்காக நான் வருத்தப்படல. கேட்டா நாளைக்கும் அதையேதான் சொல்வேன்.

இல்லக்கா. இல்ல. வேற யாரும் இல்ல. நீங்க இதைத்தான் கேப்பீங்கன்னு தெரியும், எல்லாரும் இதைத்தான் கேப்பாங்க. ஒருத்தனை வேண்டாம்னு சொல்றதுக்கு இன்னொருத்தன் இருந்தே ஆகணுமா? வேண்டாம்னா வேண்டாம்ங்கறது ஒரு காரணம் இல்லையா?

அவங்க பொண்ணு பாக்க வந்தன்னைக்கு மாப்பிள்ளையோட அக்கா உங்க பொண்ணு கையைப் புடிச்சு இழுத்து, தன் கைக்குப் பக்கத்துல வெச்சு நிறத்தைப் பொருத்திப் பாத்தாங்களாமே. புடவைக்கு ரவிக்கைத் துணி பாக்கற மாதிரி. மாப்பிள்ளை சிரிச்சாராம். கல்யாணத்துக்கு அப்புறம் வெயில்ல நிக்கற வேலையெல்லாம் எதுக்கு, கொஞ்ச நாள் வீட்டுக்குள்ள இருந்தா நிறம் தானா வந்துடும்னாராம். நல்லதாத்தான் சொன்னாரு, சரி. அவங்க போனதும் எனக்கு வேண்டாம்மான்னு உங்ககிட்ட வந்து சொன்னா. நீங்க என்ன சொன்னீங்க? மறுநாள் இன்னொரு தடவை சொன்னா. அப்ப? அதுக்கடுத்து ஒரு நாள் நீங்க துணி மடிச்சுக்கிட்டு இருந்தப்ப வந்து சொன்னா. அன்னைக்குச் சாயங்காலம்தான் நீங்க கடைக்குப் போய் அந்த ட்யூபை வாங்கிட்டு வந்தீங்க. இதைப் பூசு, நிறம் வந்துடும், அப்புறம் அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு. அந்த வீடே வேண்டாம்னு அவ சொன்னா, உங்க காதுல நிறம் பத்தாதுன்னு விழுந்திருக்கு.

அழுங்க. அழுதாப் பரவாயில்ல. கதவைச் சாத்தட்டுமா? சாவிக்காரர் காதுல இந்தச் சத்தத்துல ஒண்ணும் விழாது.

நான் அன்னைக்கே வந்து உங்ககிட்ட சொல்லியிருக்கலாம்தான். எதுக்குச் சொல்லணும்? காரியம்தான் முடிஞ்சிடுச்சே, கல்யாணம் நின்னு போச்சேன்னு இருந்தேன். என் கடை போனா போகட்டும், ஒரு பொண்ணு தப்பிச்சான்னு. ரொம்பப் பெருசா ஏதோ பண்ணிட்ட மாதிரி ஒரு நெனைப்பு எனக்கு. நாலு நாற்காலியைப் பாத்து நானே சிரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

நேத்து வந்தா அக்கா.

உங்க பொண்ணுதான். வேலை முடிஞ்சு நேரா வந்தா. ஸ்டாண்டைக் கீழ சாவிக்காரர்கிட்ட வெச்சுட்டு, தடதடன்னு படி ஏறி வந்து, நீங்க இப்ப உக்காந்திருக்கீங்களே, அதே நாற்காலில உக்காந்தா. முகம் ரொம்ப நல்லா ஆயிடுச்சு. வாம்மா அளவுக்காரின்னேன். ஒரு சிரிப்பு இல்ல. நீங்க ஏன் ஆன்ட்டி நடுவுல வந்தீங்கன்னு கேட்டா. கேட்டது இல்ல, சண்டை. உங்களை யாரு பழியை ஏத்துக்கச் சொன்னது, நீங்க மட்டும் சும்மா இருந்திருந்தா, இது என்னமோ நோயின்னு பயந்துக்கிட்டு அவங்களே வேண்டாம்னு போயிருப்பாங்க, மேக்கப்காரி மேல தப்புன்னு ஆனதாலதான, அப்ப பொண்ணு மேல குறை இல்லன்னு மறுபடி தேதி பாக்கறாங்க அப்படின்னா. எனக்கு மூஞ்சியில அறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. நான் கடையைக் குடுத்துக் காப்பாத்தினேன்னு நெனைச்சது அவளை இல்ல, அந்தச் சம்பந்தத்தை.

உக்காரு, டீ வாங்கிட்டு வரச் சொல்றேன்னேன். டீ வேண்டாம், ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க, இந்தத் தடவை யார் வந்து கேட்டாலும் எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடுங்கன்னா. புது மேக்கப்காரியும் மாட்டிக்கக் கூடாது, அதனால அவ தொடறதுக்கு முன்னாடியே முகம் வீங்கியிருக்கணும், அதுக்குத் தகுந்த மாதிரி நாளைப் பாத்துக்கறேன்னா. எவ்வளவு யோசனை பாருங்க. யாருக்கும் கெடுதல் வரக்கூடாதாம். தன் மூஞ்சியைத் தவிர.

டாக்டரம்மா சொன்னதை அவகிட்ட சொன்னேன். ஒரு தடவை ஆறிடுச்சுன்னு மறுபடி மறுபடி பூசக்கூடாது, சில பேருக்கு க்ரீமே இல்லாமகூட வெறும் வெயிலே ஆகாமப் போயிடும், அப்புறம் வருஷக்கணக்குல திரைச்சீலைக்குப் பின்னாடிதான் உக்காந்திருக்கணும்னு. உன் வேலையே வெயில்லதானம்மா, அதுக்காகத்தான நீ இவ்வளவும் பண்றேன்னேன். அவ அந்தக் கண்ணாடியையே பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் ரொம்ப சாதாரணமா, மணி என்னன்னு கேக்கற மாதிரி கேட்டா. கல்யாணம் ஆனாலும் வெயில் இல்லதானே ஆன்ட்டின்னா.

அதுக்குப் பதில் உங்ககிட்ட இருந்தா அவகிட்ட போய்ச் சொல்லுங்க.

யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னுதான் சொல்லிட்டுப் போனா. நான் சரின்னு தலையாட்டல. ஆட்டலைங்கறதை அவ கவனிக்கல. தெரிஞ்சா வந்து கத்துவா. கத்தட்டும், ஊரே கத்துது, அவ ஒருத்தி கூடுதலா கத்தினா என்ன.

போறீங்களா? இருங்க, பேரைக் கேக்கத்தானே வந்தீங்க, அதை வாங்காமப் போனா எப்படி. இந்த இழுப்பறையிலதான் வெச்சிருக்கேன். இந்தாங்க. பேரு பெருசாத்தான் போட்டிருக்கான், கண்ணாடி இல்லாமலே படிக்கலாம். உங்களுக்குத் தெரிஞ்ச பேருதான். இல்லக்கா, இது நீங்க வாங்கினது இல்ல, அது தீந்து போச்சாம். இது புதுசு. நேத்து அவ பையில இருந்து நான் புடுங்கி வெச்சது. மூடி கூடப் பிரிக்கல பாருங்க.

ஒண்ணைத்தான் புடுங்க முடிஞ்சுது. நீங்க நடந்து வந்த இந்தத் தெருவுலயே இது விக்கற கடை எத்தனை இருக்குன்னு போறப்ப பாத்துக்கிட்டே போங்க.

குடை கொண்டு வரலையா? சரி, என்னுதை எடுத்துட்டுப் போங்க, அவகிட்ட குடுத்து அனுப்புங்க. பாலத்துக்கு அந்தப் பக்கம் காலி மனையிலதான் இன்னைக்கு வேலைன்னு சொன்னா. இப்பப் போனா பாக்கலாம்.